முகமூடியைக் கழற்றுவது யார்?



காமிக்ஸ் படிக்காமல் வளர்ந்தவர் நம்மில் ரொம்பக் குறைவு. கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அட்டை போன முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் தேடி அலைந்தவர்கள் நம் ஹாஸ்டலிலேயே உண்டு. 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் நம்ம ஊட்டுப் பிள்ளைகளாகவே ஆக்கிவிட்டன.

இந்தக் கதைகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். முகமூடி போட்ட கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவன், அவனிடம் மாமூல் வாங்கும் போலீஸ் அதிகாரி ஒருவர். புகார் சொல்லப் போனால் கேட்க ஆளில்லை. அப்போ அந்த முகமூடியைக் கழற்றுவது யார்? கதையில் விடை சுலபம், வீரன் வருவான், ஒரு குத்து விடுவான். நிஜத்தில் எப்படி என்று கொஞ்சம் பாடமாகவே பார்ப்போமே!

வீரர்களின் பழைய சரித்திரம்

முதலில் நம் வீரர்கள் யோக்கியர்களா என்று பார்க்க வேண்டும். இரும்புக்கை மாயாவி 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவர். ஆய்வகத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட உதவியாளர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். ஆளைக் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சக்தி கிடைத்ததும் அவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? திருட்டில் இறங்கினார்! நல்லவராக மாறியது பிற்பாடுதான். 1965-ல் 'லயன்' இதழில் வந்த ஸ்பைடரோ குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆக ஆசைப்பட்டவன். அவனும் பிறகுதான் குற்றவாளிகளை எதிர்க்கக் கிளம்பினான்.

ஆக, முகம் தெரியாத இடத்தில் அதிகாரம் சேர்ந்தால் முதலில் வருவது தப்புதான். நல்ல புத்தி பிறகு வரலாம், வராமலும் போகலாம். இது மாயாவிக்கு மட்டுமா, காக்கிச் சட்டைக்கும் பொருந்தும்.

1939-ல் பிறந்த பேட்மேனை எடுத்துக்கொள்வோம். 1987-ல் பிராங்க் மில்லர் எழுதி டேவிட் மசூச்செல்லி வரைந்த 'பேட்மேன்: இயர் ஒன்' கதையில் கோதம் நகரப் போலீஸ் மேலிருந்து கீழ்வரை லஞ்சத்தில் ஊறிக் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த கார்டன் என்ற நேர்மையான அதிகாரி பங்கு வாங்க மறுக்கிறார். ஒருநாள் முகமூடி போட்ட ஆட்கள் அவரைப் பிடித்து அடிக்கிறார்கள். அவர்கள் ரவுடிகள் இல்லீங்க, கூட வேலை பார்க்கும் போலீஸ்காரர்களே!

அந்தக் கதையிலும் பேட்மேன் தனியாக ஜெயிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் போதைப் பொருள் வியாபாரியை மிரட்டலாம், கூரையிலிருந்து குதிக்கலாம். ஆனால் கோர்ட்டுக்கு வேண்டியது சாட்சி, வாக்குமூலம். அதற்குக் கார்டன் மாதிரி சட்டத்துக்கு உட்பட்ட ஒருவர் தேவைப்படுகிறார்.

நம்ம திருப்பூர்க் கதை

கோதம் கற்பனை நகரம். திருப்பூர் கற்பனை இல்லை. 2008-ல் அங்கே 'பாசி' என்ற நிதி நிறுவனம் தொடங்கப்பட்டது. அன்னியச் செலாவணி வியாபாரம் செய்கிறோம், போட்ட பணத்துக்கு அள்ளித் தருகிறோம் என்றார்கள். பேர்ப்பலகை, பளபளக்கும் ஆபீஸ், கையில் ஒரு பத்திரம்: இதுதான் அவர்கள் போட்ட முகமூடி. 2009-ல் நிறுவனம் கவிழ்ந்தது. சி.பி.ஐ. கணக்குப்படி மோசடி சுமார் 930 கோடி ரூபாய். இது என்ன, காமிக்ஸ் வில்லன் கேட்கும் பிணைத்தொகையா? நம்ம ஜனங்கள் போட்ட காசு!

கதையின் அடுத்த பாகம் இன்னும் கசப்பு. வழக்கை விசாரிக்க வேண்டிய போலீஸ் அதிகாரிகள் சிலரே, கைது செய்யாமலிருக்க நிறுவனத்தாரிடம் கோடிக்கணக்கில் பணம் பறித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. முதலீட்டாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2011-ல் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 2012-ல், முன்பு மேற்கு மண்டல ஐ.ஜி.யாக இருந்த அதிகாரியே கைது செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி என்று தீர்ப்பானவர் வேறு, அதையும் நாம் மறக்கக் கூடாது. ஆனால் அவ்வளவு பெரிய பதவியிலிருந்தவர் மீதும் விசாரணை நடந்தது என்பதே சாதாரண விஷயமில்லை.

மோசடி வழக்கில் 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை, 171 கோடிக்கு மேல் அபராதம். 2009-லிருந்து 2022 வரை பதிமூன்று வருஷம்! காமிக்ஸில் இது 64 பக்கத்தில் முடிந்திருக்கும். இங்கே பறந்து வந்து காப்பாற்றியவர் யாருமில்லை. ரசீதை பத்திரமாக வைத்திருந்தவர்கள், புகாரில் சொந்தப் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள், கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்கள், இவர்களால் நடந்தது அது.

நம் லேப்பில் இருக்கும் ஆயுதம்

முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப்பில் டைட்ரேஷன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு, பினாப்தலீன் எப்போ நிறம் மாறும் என்று கண் வலிக்கப் பார்த்தோமே, அதே பினாப்தலீன்தான் லஞ்ச ஒழிப்புப் போலீஸின் ஆயுதம்! தமிழ்நாட்டில் இந்தத் துறை 1964-ல் தொடங்கப்பட்டது. வழிமுறை இதுதான்:

1. லஞ்சம் கேட்கப்பட்டவர் எழுத்து மூலம் புகார் தருகிறார். வழக்குப் பதிவாகிறது.

2. வேறு துறை அரசு ஊழியர்கள் சாட்சிகளாக அழைக்கப்படுகிறார்கள். அவர்கள் முன்னிலையில் ரூபாய் நோட்டுகளின் நம்பர் குறிக்கப்பட்டு, பினாப்தலீன் பொடி தடவப்படுகிறது. பொடி இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

3. கேட்டவர் பணத்தை வாங்கியதும் அவர் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் செய்கிறார்கள். காரத்தன்மை பட்டதும் கரைசல் இளஞ்சிவப்பாகிறது.

4. அந்தக் கரைசலை பாட்டிலில் அடைத்து சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

மாயாவிக்கு மின்சாரம் பட்டால் உடம்பு மறையும். இங்கே காரம் பட்டால் மறைந்திருந்தது தெரியும்!

ஆனால் நிறம் மாறியது மட்டும் போதாது. லஞ்சம் கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் தெளிவாகச் சொன்னது. புகார்தாரர் இறந்துபோனாலோ பல்டி அடித்தாலோ கூட, மற்றச் சாட்சியங்களை வைத்து நிரூபிக்க வழியுண்டு என்றும் சொன்னது. ரசாயனம் பாதி வேலை, மனிதர் வாக்கு மறு பாதி.

நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

வண்டி காணாமல் போனாலோ, பாஸ்போர்ட் விசாரணை என்றாலோ, நாளைக்கு நாமும் ஸ்டேஷன் படி ஏற வேண்டியிருக்கும். அப்போது 'ஏனுங்க, பார்த்துச் செய்யுங்க' என்று நாமே பையில் கை விடக்கூடாது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான், ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, பிடித்துக்கொடுப்பதற்காகக் கொடுப்பவருக்குத் தண்டனை இல்லை.

புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்து மூலம் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் இந்த வழி இருக்கிறது.

எல்லாப் போலீஸ்காரரும் இப்படியா என்றால், இல்லவே இல்லை. கார்டன்கள் நம் ஊர் ஸ்டேஷன்களிலும் இருக்கிறார்கள். நாம் தைரியமாக எழுதித் தரும் ஒரு பக்கப் புகார் அவர்கள் கையில் கொடுக்கும் ஆயுதம். நாம் வாயை மூடிக்கொண்டால் அவர்களும் தனித்துப் போவார்கள்.

தோழர்களே! காமிக்ஸ் வீரன் முகத்தை மறைத்துக்கொண்டு சண்டை போடுகிறான். திருப்பூரில் பணத்தைத் தொலைத்தவர்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு, பேரும் ஊரும் சொல்லி, பதிமூன்று வருஷம் நின்றார்கள். இவர்களில் யார் பெரிய வீரர் என்று யோசித்துப் பாருங்கள். டிப்ளமோ சான்றிதழோடு அந்தத் துணிச்சலையும் இங்கிருந்து எடுத்துப் போவோம்!