மறைந்த எழுவாய்: மீனாட்சிபுரம் மதமாற்றமும் செய்தித்தமிழும்

1981 பிப்ரவரி 19 அன்று தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 பட்டியல் சாதிக் குடும்பங்கள் இசுலாத்தைத் தழுவின. கீழப்பாவூரைப் போல அவ்வூரும் அன்று திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தது. நிகழ்வு பலர் கூடிய பொதுவிழாவாக நடந்தது. முன்னின்று நடத்திய தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபை வெளிப்படையாக இயங்கிய அமைப்பு. ஆயினும் வளைகுடாப் பணம், சதி ஆகிய சொற்களால் நாளிதழ்களும் அரசியல் மேடைகளும் அதற்கு ஒரு மறைவியக்கச் சாயலை ஏற்றின. ஒளிவில்லாத ஒன்றுக்கு இச்சாயல் எளிதில் ஒட்டியமைக்கு அரசியற் காரணங்கள் பலவாறு பேசப்பட்டுள்ளன. இக்கட்டுரை மொழிக் காரணம் ஒன்றை முன்வைக்கிறது.

'மாறினர்' என்பது தன்வினை, 'மாற்றினர்' பிறவினை. செய்தித்தமிழில் பெருவழக்கான 'மதம் மாற்றப்பட்டனர்' என்னும் செயப்பாட்டுவினையிலோ, மாறியோரே எழுவாயாக நின்றும் அவர்கள் எதையும் செய்வதில்லை. செய்தவர் பெயரைச் சுட்டாமலே தொடர் முற்றுப்பெறும். சுட்டப்படாத அக்கருத்தாவின் இடத்தை வாசகர் ஐயத்தால் நிரப்பிக்கொள்கிறார். சான்று தேடவேண்டிய கடமை செய்தியாளருக்கு எழுவதே இல்லை. 'மதமாற்றம்' என்ற பெயரும் மாறுதல், மாற்றுதல் இரண்டுக்கும் பொதுவாய் நின்று இம்மயக்கத்துக்கு இடந்தருகிறது.

தீண்டாமையே காரணம் என மாறியோர் தம்மிடம் வந்தவர்களிடம் கூறினர். அவர்கள்பால் பரிவு கொண்ட எழுத்துங்கூட இதே வாய்பாட்டிலிருந்து முற்றும் விலகிவிடுவதில்லை. 'சாதிக் கொடுமையால் தள்ளப்பட்டனர்' என்று எழுதும்போது கருத்தா பணத்திலிருந்து கொடுமைக்கு இடம்பெயர்கிறது. அம்மக்கள் செயப்படுபொருளாகவே எஞ்சுகின்றனர். கூடி எண்ணித் துணிந்தவர்கள் என்ற செய்திக்கு இரு தரப்பிலும் வினைமுற்று வாய்க்கவில்லை.

இவ்வழக்கு இதழ்களோடு நின்றுவிடவில்லை. 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, பின் சட்டமாகி, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்ட தமிழ்நாட்டு மதமாற்றத் தடைச் சட்டம், வலுவந்தம், ஆசைகாட்டல், மோசடி ஆகியவற்றால் ஒருவரை மாற்றுவதைக் குற்றமாக்கியது. அங்கும் நடுவில் நிற்பது பிறவினையே.

மாறியோர் தம் குடியிருப்புக்கு ரஹ்மத் நகர் எனப் பெயரிட்டனர். செய்திகளிலும் ஆய்வுகளிலும் அந்நிகழ்வு இன்றளவும் மீனாட்சிபுரம் என்றே வழங்குகிறது.