மரச்சுவரும் ஈரமும்

மரத்தை வெட்டி, அறுத்து, உலர்த்திப் பலகையாக்கிய பின்னரும் அது நீரோடு கொண்ட உறவை விடுவதில்லை. சூழ்ந்துள்ள காற்று ஈரமுடையதாயின் நீரை ஏற்கும். உலர்ந்ததாயின் நீரை விடுக்கும். 20 டிகிரி உஷ்ணத்தில், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 ஆக இருக்கும்போது, மரம் தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு நீரைக் கொண்டிருக்கும். ஈரப்பதம் 80 ஆயின், அது 16 பங்காக உயரும். நீரின் அளவு 20 பங்குக்குக் குறைந்திருக்கும்வரை மரத்திற்கு அச்சமில்லை. 30 பங்கை எட்டி அந்நிலையிலேயே நெடுநாள் நிற்குமாயின், பூஞ்சணம் பற்றி மக்கி வலிமை இழக்கும். ஆதலின் மரத்தாற் சுவர் அமைத்து வாழும் குளிர்நாட்டு மக்களுக்கு, ‘இச்சுவருள் எவ்வளவு நீர் தங்கும்?’ என்பது வீட்டின் ஆயுளைப் பற்றிய வினாவேயாகும். சுவரைக் கட்டுமுன்னரே இதற்குக் கணக்கினால் விடை காணல் இயலுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சுவரின் அமைப்பை அறிதல் வேண்டும். கானடா நாட்டில் மரச்சட்டத்தாலாகிய வீடுகள் மிகப் பல. அவற்றின் சுவரை உள்ளிருந்து வெளியே நோக்கின், ஜிப்சம் பலகை, நீராவியைத் தடுக்கும் பாலித்தீன் தாள், மரக்கால்களுக்கிடையே அடைத்த கண்ணாடிப் பஞ்சு, ஒட்டுப்பலகை, நீர்காக்கும் தாள், வெளிப்பூச்சு என அடுக்கடுக்காக அமைந்திருக்கும்.

குளிர்காலத்தில் அறையினுள் 20 டிகிரியும், வெளியே 0 டிகிரியும் இருப்பதாகக் கொள்வோம். அறைக்காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 ஆயின், அதன் கன மீட்டர் ஒன்றில் ஏறக்குறைய 8.6 கிராம் நீராவி இருக்கும். சுவரின் வெப்பத்தடையில் பத்தில் ஒன்பது பங்கு ஒட்டுப்பலகைக்கு உட்புறத்தே உள்ளதெனின், அப்பலகையின் உள்முகம் 2 டிகிரியில் நிற்கும். அவ்வுஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 5.6 கிராமுக்கு மேல் நீராவியை ஏந்தாது. அறைக்காற்று ஏதேனும் இடுக்கின் வழியே அங்குச் சென்று சேர்ந்தால், மிகுதியாகிய 3 கிராம் நீர் பலகையைச் சேரும். இதனைத் தடுக்கவே பாலித்தீன் தாள் வைக்கப்படுகிறது.

இவ்வகைக் கணக்கை முறைப்படுத்தியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் கிளாசர் ஆவர். 1950-களின் இறுதியில் அவர் வெளியிட்ட வரைபட முறையில், சுவரின் அடுக்குதோறும் நீராவியின் அழுத்தத்தை வரைந்து, அது தெவிட்டிய நிலையைத் தொடும் இடத்தே நீர் படியும் எனக் கண்டுகொள்ளலாம். காகிதமும் பென்சிலும் இதற்குப் போதும். எனினும் இம்முறை நீராவியின் ஊடுபரவலை மாத்திரமே கணிக்கிறது. மரம் நீரைச் சேமித்து வைப்பதையும், நுண்துளைகளின் வழியே நீர் ஊர்வதையும், வெயில் காய்வதையும், மழை அடிப்பதையும் அது கருதுவதில்லை.

இக்குறையைக் கணிப்பொறி போக்கிற்று. சுவரைப் பல மெல்லிய கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் மணிக்கு மணி எவ்வளவு வெப்பம் வந்தது, போயிற்று, எவ்வளவு நீர் வந்தது, போயிற்று என இரு ஐந்தொகைகள் எழுதப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,500 கிலோஜூல் வெப்பம் வேண்டுமாதலின், நீர் இடம்பெயரும்போது வெப்பமும் உடன் பெயர்கின்றது. ஹார்ட்விக் கியூன்ட்சல் என்பார் 1994-இல் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வுரையில் இத்தகைய கணிப்பு முறையொன்றை வகுத்தார். பவேரியாவில் ஹோல்ட்சுகிர்ஹன் நகரிலுள்ள ஃபிரவுன்ஹோஃபர் கட்டடப் பௌதிக நிலையத்தின் ‘வூஃபி’ என்னும் கணிப்பொறி நிரல் அதனை அடிப்படையாகக் கொண்டது. இவ்வகைக் கணிப்புக்கென ஐரோப்பிய நியமம் ஒன்றும் 2007-இல் வெளியாயிற்று.

இனி, கணக்கிற்கு எதைக் கொடுக்கிறோம் என்பது எத்துணை முக்கியம் என்பதற்கு வான்கூவர் நகரம் சான்று பகரும். கானடாவின் மேற்குக் கரையிலுள்ள அந்நகரில் மழையின் பெரும்பகுதி குளிர்காலத்திலேயே பொழியும். அப்பொழுது வெயில் அருமை. 1980-களிலும் 1990-களிலும் அங்குப் பல அடுக்குமாடி வீடுகள் மரச்சட்டத்தால் எழுந்தன. அவற்றுட் பலவற்றிற்கு இறவாரம் இல்லை. சிமிட்டிப் பூச்சு ஒட்டுப்பலகையை ஒட்டியே அமைந்தது. சில ஆண்டுகளுக்குள் பலகைகள் மக்கின. வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கினோர், பழுது பார்க்க மீண்டும் கடன்பட நேர்ந்தது. 1998-இல் மாகாண அரசு, முன்னாள் முதலமைச்சர் டேவ் பாரட் தலைமையில் விசாரணை நடத்திற்று. சுவரை அழித்த நீர் பெரும்பாலும் அறையிலிருந்து பரவிய நீராவியன்று. சாளரம், மாடமுகப்பு முதலியவற்றின் பொருத்துகள் வழியே புகுந்த மழைநீரே என்பது தெளிவாயிற்று. நீராவியைத் தடுத்த பாலித்தீன் தாளோ, புகுந்த நீர் உட்புறமாக உலர்ந்து வெளியேறுதலையும் தடுத்தது.

இதனை ஓர் எளிய கணக்காற் காண்போம். 12 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகை சதுர மீட்டருக்கு 6 கிலோகிராம் எடையுள்ளதெனக் கொள்க. ஆண்டில் சதுர மீட்டர் சுவரின்மேல் 100 கிலோகிராம் மழைநீர் அடித்து, அதில் நூற்றில் ஒரு பங்கே உட்புகுந்தாலும் அது 1 கிலோகிராம் ஆகும். அது முழுதும் பலகையிற் சேர்ந்து உலராது நின்றால், பலகையின் ஈரம் 17 பங்கு ஏறும். முன்னரே 15 பங்கு இருந்ததாயின், 32 ஆகிவிடும். குறையற்ற சுவரைக் கணித்திருந்தால் இவ்வாபத்து புலப்பட்டிராது. இது கருதியே, ‘ஆஷ்ரே’ என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2009-இல் வெளியிட்ட 160-ஆம் நியமம், வேறு ஆதாரம் இல்லாவிடத்து, சுவரை எட்டும் மழையில் நூற்றில் ஒரு பங்கு மேலுறையைக் கடந்து புகுவதாகக் கணிக்குமாறு விதித்தது.

இவ்வாறு கசிவையும் சேர்த்துக் கணிப்பின் பரிகாரமும் புலனாகும். வெளிப்பூச்சுக்கும் பலகைக்கும் இடையே சிறிது வெளி விட்டால், புகுந்த நீரின் பெரும்பகுதி வழிந்தோடும். எஞ்சியதைக் காற்று உலர்த்தும். வான்கூவரில் பிற்காலத்தார் மேற்கொண்ட முறையும் இதுவே. நீர் ஒருபோதும் புகாத சுவரைக் கட்டுதல் அரிது. புகுந்த நீர் விரைவில் வெளியேறும் சுவரைக் கட்டுதல் இயலும். வரவு செலவை மிஞ்சாதவரை மரம் தலைமுறைகள் நிற்கும்.

பௌதிகம் பயிலும் மாணவர் இதனின்று கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. கணிப்பொறி நாம் கொடுத்த சுவரையே ஆராயும். தச்சனும் கொத்தனும் கட்டிய சுவரை அது தானாக அறியாது. ஆதலின் கணக்கிற் புகுமுன், உண்மைச் சுவரின் பொருத்துகளையும் பிளவுகளையும் நேரிற் சென்று கண்டு, அவற்றையும் கணக்கில் எழுதுவதே பிறர் குடியிருக்கும் வீட்டை வகுப்போரின் கடமையாகும்.