சாவிக்கொத்தில் தொங்கும் ஆதார்

கேள்வி: ஆதார், பான் கார்டு, மகளின் மார்க்‌ஷீட், வீட்டுப் பத்திரம், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பென்டிரைவில் போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். யார் எப்போது கேட்டாலும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிரின்ட் எடுத்துவிடலாம். கூகுளில் ஏற்றி வைக்கப் பயமாக இருக்கிறது. ‘பென்டிரைவுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள் அத்தை, போதும்’ என்கிறான் தம்பி மகன். போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பென்டிரைவ் பஸ்ஸில் விழுந்து தொலைந்தால் போதும். ஜெராக்ஸ் கடைக்குப் போதாது.

கடைக் கம்ப்யூட்டரில் செருகிப் பாஸ்வேர்டைத் தட்டிய அந்த நொடியில் பூட்டு திறந்துவிடுகிறது, உங்களுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து. அதில் வைரஸ் ஏதும் இருந்தால், நீங்கள் ஒரு பக்கம் பிரின்ட் எடுப்பதற்குள் மொத்த ஃபோல்டரையும் நகலெடுக்கலாம். தட்டிய பாஸ்வேர்டையும் குறித்துக்கொள்ளலாம். கடைக்காரரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஊரிலுள்ள பென்டிரைவ் எல்லாம் வந்துபோகும் இடம் அது. ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போய்க் கிடக்கும் பென்டிரைவைப் பார்த்திருப்பீர்களே, பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு வருவதுதான். அடுத்த முறை போகும்போது அங்கே டெஸ்க்டாப்பை ஒரு பார்வை பாருங்கள். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் ஆதார் வரிசையாக நிற்கும். ‘டெலிட் பண்ணிட்டேன் மேடம்’ என்று அவர் சொன்னாலும், போனது பெரும்பாலும் ஃபைலின் பெயர்தான். மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை, ஓசியில் கிடைக்கும் மென்பொருளை வைத்தே மீட்டுவிடலாம்.

ஒரு காகிதம் நகலெடுக்க யாராவது பீரோவையே தூக்கிக்கொண்டு போவார்களா? நீங்கள் செய்வது அதுதான். இன்னொரு பென்டிரைவ் வாங்குங்கள், இருப்பதிலேயே மலிவானது போதும். அது காலியாகவே இருக்கட்டும். அன்றைக்குத் தேவையான ஒரே ஒரு பிடிஎஃப்பை மட்டும் அதில் போட்டுக் கொண்டுபோய், வந்ததும் ஃபார்மட் செய்துவிடுங்கள். எல்லாம் இருக்கும் பென்டிரைவ் வீட்டைவிட்டு வெளியே போகவே வேண்டாம்.

அதற்குத் தம்பி மகன் சொன்ன பூட்டு அவசியம். விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர் கூடவே வருகிறது. கடையில் வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது ஹோம் பதிப்பு. அது பிட்லாக்கர் பூட்டைத் திறக்கும், புதிதாகப் போடாது. அப்படியானால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள். அதில் பென்டிரைவ் முழுவதையும் பூட்டாதீர்கள். பூட்டினால், வேறு கம்ப்யூட்டரில் செருகும்போது ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும், வீட்டில் யாராவது ‘சரி’ என்று அமுக்கிவிடுவார்கள். உள்ளே பூட்டிய ஃபைல் ஒன்றை உருவாக்கி, ஆவணங்களை அதற்குள் வையுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியும் அங்கேயே இருக்கட்டும்.

இ-ஆதார் பிடிஎஃப்பில் ஏற்கெனவே பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பிறந்த வருடம், அவ்வளவுதான். உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’, இ-ஆதாரை இறக்கும் அதே தளத்தில் கிடைக்கும், அதை ஏற்கும் இடத்தில் அதையே கொடுங்கள். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். என்னைக் கேட்டால், யோசனை நல்ல யோசனைதான்.

கூகுள் பயம் இருக்கட்டும், ஒரே பென்டிரைவை நம்புவதும் ஆபத்து. சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும் சாதனம் அது. இன்னொரு பிரதி வேண்டும். பான், மார்க்‌ஷீட் போன்றவற்றுக்கு 2015-இல் வந்த அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. அதில் வழங்கப்படும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதியே உண்டு.

கையிலுள்ள போனும் நல்ல பெட்டிதான். சில வருடங்களாக வரும் ஸ்மார்ட்போன்கள் உள்ளிருப்பதைத் தாமாகவே குறியாக்கம் செய்துவைக்கின்றன. திரைப் பூட்டு உறுதியாக இருந்தால் போனைத் திருடியவர் அதைப் படிப்பது கடினம். பிறந்த வருடத்தை மட்டும் பின் நம்பராக வைக்காதீர்கள். ஆனால் மெமரி கார்டுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, கழற்றி வேறொன்றில் போட்டால் படம் அப்படியே தெரியும். சிம்மும் அப்படித்தான்: வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். செட்டிங்ஸில் சிம் லாக் போடலாம். மூன்று முறை தவறினால் பியூகே எண் கேட்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

இத்தனை நாள் கடைகளுக்குப் போய்வந்த பென்டிரைவில் இருப்பதை, வைரஸ் ஸ்கேன் செய்தபின் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, ‘குயிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்து முழுசாக ஃபார்மட் செய்யுங்கள். கடைகளில் தங்கிவிட்ட நகல்களை இனித் திரும்ப வாங்க முடியாது. அதனால் எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக் லாக்கை இன்றைக்கே போட்டுவிடுங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் நாளில் மட்டும் திறந்துகொள்ளலாம்.