முன்கொழுக்கி: பெட்டியைக் கண்முன்னே நகர்த்துவோம்

உழவு இயந்திரப் பெட்டியைப் பின்னுக்கு எடுத்துக் கொட்டிலுக்குள் விடும் சிரமத்தை நாம் அறிவோம். கழுத்து நோகும், பெட்டி மடங்கி நிற்கும்.

அமெரிக்க இராணுவத்தின் இரண்டரைத் தொன் எம்35 லொறி 1950இல் சேவைக்கு வந்தது. அதன் இழுவைக் கொழுக்கி பின்னால் உள்ளது. பின்னாளில் இந்த லொறிகளை வாங்கிய சிலர் முன்பக்கத்திலும் ஒரு கொழுக்கி பூட்டினர்.

பயன் என்ன? சாரதி பெட்டியை நேரே பார்க்கிறார். திரும்பும் முன்சில்லுகள் கொழுக்கிக்கு அருகில் இருப்பதால், சிறு திருப்பத்துக்கே பெட்டி அசையும். ஆனால் சுக்கானை இடப்பக்கம் திருப்பித் தள்ளினால், பெட்டியின் பின்புறம் இப்போதும் வலப்பக்கமே போகும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. பம்பர் தகட்டில் மட்டும் பூட்டக்கூடாது. தடித்த இரும்புத் தகடு வைத்து, செசியின் இரு சட்டங்களோடும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

2. இது வளவுக்குள் மெதுவாக நகர்த்துவதற்கே. வீதியில் ஓடுவதற்கு அல்ல.

3. உழவு இயந்திரத்தின் முன் அச்சு பெரும் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அதில் வெறும் பெட்டியை மட்டும் நகர்த்துவோம்.

4. கழற்றுவதற்கு முன் பெட்டியின் சில்லுகளுக்குக் கட்டை வைப்போம்.

5. வாகனம் அசையும்போது இடையில் எவரும் நிற்கக்கூடாது. பெட்டிக்கு அப்பால் இருப்பது சாரதிக்குத் தெரியாது; ஒருவர் பக்கத்தில் நின்று சைகை காட்டட்டும்.

ஒரே வளவில் பல குடும்பங்கள் இருக்கும்போது முற்றம் சிறிது, பிள்ளைகள் அதிகம். இயந்திரத்தை இயக்க முன் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம்.

சிந்திக்க: நமது வளவில் சைகை காட்டும் பொறுப்பு யாருக்கு?