நீரிழிவும் மனச்சோர்வும்

நீரிழிவு பட்டணத்துச் செல்வர்களின் நோய் என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று நம் ஊராட்சிகளில் அவ்வாறு எண்ணுவோர் எவரும் இலர். நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுள்ளது. களையெடுக்கச் செல்லும் பெண்ணின் முந்தானை முடிச்சிலும் இன்று மாத்திரை இருக்கிறது. உணவு, நடை, மாத்திரை ஆகிய மூன்றைப் பற்றியும் வாசகர்கள் பலமுறை கேட்டிருப்பர். அம்மூன்றையும் ஒருங்கே கெடுக்க வல்ல நான்காவது ஒன்று உண்டு. அதுவே மனச்சோர்வு. அதனைப் பற்றி நாம் அறிய நேர்ந்தது நம் குடும்பத்திலேயே.

நமக்குச் சிற்றன்னை முறையாகும் அம்மையார் ஒருவர் செங்கற்பட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்து வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. ஆயினும் அது கட்டுக்குள் இருந்தது. கணவர் காலமான பின், மயிலாப்பூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மகன் அவரைத் தன்னுடன் அழைத்துச் சென்றார். ஊரில் காலையில் கொல்லைக்கும் மாலையில் ஏரிக்கரைக்கும் நடந்தவர், அங்கே கதவு சாத்திய அறையில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்தார். மகனும் மருமகளும் அன்புடையவர்களே. எனினும் இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குச் சென்றால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவர்.

நான்கு திங்களில் சர்க்கரை மிகுந்தது. ‘வாயைக் கட்டவில்லை’ என்று எல்லோரும் சொன்னார்கள். ‘சித்தி, உங்கள் உடம்பை நீங்கள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று நாமும் ஒருமுறை சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டு வந்தோம். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். மறுமுறையும் எண் இறங்கவில்லை, மறுபடியும் கூட்டினார். உண்மையில் அம்மையார் பாதி நாள் மாத்திரையை விழுங்கவே இல்லை. அதனை எவரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. பின்னர் மகன் தம் கையாலேயே வேளை தவறாது மாத்திரை கொடுக்கத் தொடங்கினார். உணவோ ஒரு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. ஒருநாள் பின்னிரவில் உடல் வியர்த்து, கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி விழுந்துவிட்டார். சர்க்கரை ஏறியதால் அன்று. தாழ்ந்துபோனதால் நேர்ந்த மயக்கம் அது. நல்வேளையாக மருமகள் விழித்துக்கொண்டார்.

மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் கட்டிலருகே அமர்ந்து, ‘ராத்திரி தூக்கம் வருதாம்மா? எதிலாவது மனசு போகுதா?’ என்று கேட்டார். ‘எதுக்கும்மா மாத்திரை? யாருக்காக நான் இருக்கணும்?’ என்று சொல்லி அம்மையார் அழுதார். ஆறு திங்களாக அவர் அழுததை எவரும் கண்டதில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்டிருக்கலாம். நாம் கேட்டதெல்லாம் ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ என்பதுதான்.

மனச்சோர்வு சர்க்கரையை எவ்வாறு ஏற்றுகிறது? வழிகள் இரண்டு. ஒன்று உடலின் உள்ளே நிகழ்வது. மனம் ஓயாத துயரிலோ அச்சத்திலோ இருக்குங்கால், ஆபத்தை எதிர்கொள்வதற்கென இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு உடலில் இயங்கத் தொடங்குகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்துள்ள சுரப்பிகள் கார்ட்டிசால், அட்ரினலின் என்னும் சுரப்புநீர்களை மிகுதியாக வெளிவிடுகின்றன. அவை கல்லீரலில் உள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இந்தச் சர்க்கரை பயன்படும். அறைக்குள் அமர்ந்து கவலைப்படுபவருக்கு அது செலவழிய வழியில்லை.

மற்றொன்று நடத்தையால் நேர்வது. நம் கருத்தில், கிராமங்களில் பெரிதும் கேடு செய்வது இதுவே. சோர்ந்த மனத்தினர் நடக்கச் செல்லார், மாத்திரை தவறுவர், சோதனைக்குச் செல்ல ‘நாளை, நாளை’ என்பர். சிலர் உணவை வெறுப்பர். சிலர் இனிப்பிலும் சோற்றிலும் ஆறுதல் தேடுவர். ஆண்களுள் சிலர் மதுவை நாடுவர். கால் புண்ணைக் கவனியாது விடுவோரும் உண்டு. மறுபுறம், நோயே மனத்தை வாட்டுகிறது. ஆயுள் முழுதும் மாத்திரை, பார்வை மங்குமோ என்னும் அச்சம், விருந்தில் தனி இலை, செலவு, இவையெல்லாம் நாள்தோறும் சுமையாகின்றன. 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீடித்த துயரம் நீரிழிவுக்குக் காரணமாகும் என்று எழுதினார். துயரம் ஒன்றே காரணம் என இன்று எவரும் கூறார். ஆயினும் நீரிழிவு உடையோரிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று காட்டியது.

இத்துறையில் சென்னை பின்தங்கிய நகரன்று. டாக்டர் எம். விசுவநாதன் 1948-ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அவருடைய மைந்தர் டாக்டர் வி. மோகனும் அவர்தம் குழுவினரும் கோபாலபுரத்தில் தழைத்த ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலாக, 2001 முதல் மாநகராட்சியின் அன்றைய 155 வட்டங்களில் 46 வட்டங்களைத் தேர்ந்து, ஏறத்தாழ 26,000 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 25,455 பேரிடம் மனநிலை பற்றிய கேள்விகளும் கேட்கப்பட்டன. 2009-இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்குப் பதினைவர் மனச்சோர்வு உடையவர்கள். பெண்களிடம் அது சற்று மிகுதி. வருவாய் குறைந்தோரிடம் நூற்றுக்கு 19. வருவாய் மிக்கோரிடம் 6. கணவனையோ மனைவியையோ இழந்தோரிடம் 20. நம் சிற்றன்னையாரின் நிலையை இவ்வெண்கள் முன்னரே சொல்லிவைத்தது போல் இருக்கிறது. நீரிழிவு உடையோரை மட்டும் தனியே ஆராய்ந்தபோது, கண்ணின் விழித்திரை பழுதுற்றவர்களிடம் நூற்றுக்கு 35 பேரும், அப்பழுது இல்லாதவர்களிடம் 21 பேரும் மனச்சோர்வுடன் இருந்தனர். பார்வை போனதால் மனம் சோர்ந்ததோ, மனம் சோர்ந்து நோயைக் கவனியாததால் பார்வை போனதோ, ஒருமுறை மட்டும் எடுக்கும் கணக்கால் பிரித்தறிய இயலாது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

கண்டறிந்தால் பயன் உண்டா? இதுவே வளர்ச்சிப் பணியாளர் கேட்க வேண்டிய கேள்வி. சென்னை, பெங்களூரு, புதுதில்லி, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு நகரங்களில், இரு நோயும் உடைய 404 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. முடிவு 2020-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். மற்றப் பிரிவினருக்கு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் ஓராண்டுக் காலம் தொடர்ந்து பேசி, மாத்திரையையும் மனநிலையையும் கவனித்து, மருத்துவர்களுக்கு அவ்வப்போது தெரிவித்து வந்தார். இரண்டாண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, அத்துடன் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றுள் ஒன்றேனும் சீர்ப்பட்டவர்கள், கவனிப்புப் பெற்ற பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர். வழக்கமான பிரிவில் 57 பேர். வழக்கமான பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் தேறினர் என்பதையும் மறைத்தலாகாது. எனினும் நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்து பேர் கூடுதலாகத் தேறியது சிறிதன்று. அதனைச் செய்தவர் புதிய மருந்து கண்டவரல்லர். விடாமல் விசாரித்த ஒருவர். இத்தகைய ஒருவர் நம் ஊர்களுக்குப் புதியவரல்லர். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, மகளிர் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்களே வீடு வீடாக மாத்திரை கொண்டு செல்கின்றனர்.

அவர்கள் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகளே. கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாள்கள் மனம் வாடிக் கிடந்ததா? முன்பு விருப்பமாயிருந்தவற்றில் நாட்டம் இல்லாது போயிற்றா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நோயின் பெயரைத் தன்னார்வலர் தாமே சூட்டலாகாது. களைப்பும் மெலிவும் சர்க்கரை மிகுந்தாலும் வரும். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுபவருக்குத் தூக்கமும் கெடும். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. வாழ விருப்பமில்லை என்று எவரேனும் சொன்னால், அதனை வெறும் பேச்சென்று தள்ளாமல், அவரைத் தனியே விடாது, அன்றே மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வுக்கான மருந்துகளுள் சில பசியையும் எடையையும் கூட்டும். ஆகவே சர்க்கரை பார்க்கும் மருத்துவருக்கும் மனநல மருத்துவருக்கும் ஒருவர் தரும் மருந்து மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவறவிட்ட மாத்திரைகளை மறைக்காமல் சொல்வதும் அத்துணை இன்றியமையாதது. நம் சிற்றன்னையாரை வீழ்த்தியது அந்த மறைவுதான். மாத்திரையை ஒழுங்காக விழுங்கத் தொடங்குமுன், முன்பு எவ்வளவு விழுங்கினோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அம்மையார் இப்போது மனநல மருத்துவம் பெறுகிறார். லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கிறார். அங்கே நம் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஓர் அம்மாளைத் தோழியாகப் பிடித்துவிட்டார். மூன்று திங்களின் சராசரியைக் காட்டும் சோதனையில் பத்துக்கு மேல் இருந்த எண் எட்டுக்கு அருகே வந்திருக்கிறது. ஏழுக்குக் கீழே வரவேண்டும் என்கிறார் மருத்துவர். பொங்கலுக்கு ஊருக்கு வந்து ஒரு திங்கள் தங்கினார். திரும்பும்போது முகம் வாடிற்று. மகன் அதனைக் கவனித்தார்.

சென்ற மாதக் கூட்டத்தில், நம் ஒன்றியத்துத் தன்னார்வலர்களிடம் இவ்விரு கேள்விகளையும் விளக்கினோம். அவர்களுள் ஒருவர் எழுந்து, ‘ஐயா, பதிவேட்டில் சர்க்கரைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, இரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, இதை எங்கே எழுதுவது?’ என்று கேட்டார். புதிய கட்டம் போடுவது நம் அதிகாரத்தில் இல்லை. இப்போதைக்குப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வருகின்றனர்.