சட்டமன்றத் தலைமைப் பீடம்: சித்தூர் மாவட்டம் கண்ட வரலாறு

மக்களாட்சியில் சட்டமன்றத்தின் மதிப்பு அதன் உறுப்பினர்களின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. அவையை நடத்திச் செல்பவரின் நடுநிலையாலும் அமைவதாகும். இவ்வுண்மையை ஆராய்வதற்குச் சித்தூர் மாவட்டம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1911 ஏப்ரல் முதல் நாளன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட இம்மாவட்டம், முதலில் சென்னை மன்றத்திற்கும், 1953 முதல் கர்நூலில் கூடிய ஆந்திர மன்றத்திற்கும், 1956 முதல் ஐதராபாத்தில் கூடிய ஆந்திரப் பிரதேச மன்றத்திற்கும் தன் பிரதிநிதிகளை அனுப்பியது. அமராவதிப் பகுதியிலுள்ள வேலகபூடியில் 2017 முதல் பேரவை கூடி வருகிறது. அவைகள் மாறின, தலைமைப் பீடம் பற்றிய கேள்வி மட்டும் மாறவில்லை. அவையின் பெரும்பான்மைக் கட்சியால் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவர், அக்கட்சிக்கு அப்பாற்பட்டு நிற்பது எவ்வாறு என்பதே அக்கேள்வி.

சென்னை மன்றத்தில் தொடக்கம்

1919 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்னர் சென்னைச் சட்டசபைக்கு ஆளுநரே தலைமை வகித்தார். நிர்வாகத்தை நடத்துபவரே அதனை விசாரிக்கும் அவையையும் நடத்தினார். அச்சட்டம் இவ்விரண்டையும் பிரித்தது. முதல் தலைவரை ஆளுநர் நியமிக்கவும், பின்னர் அவையே தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் அது வழி வகுத்தது. முதல் தலைவராக பி. இராஜகோபாலாச்சாரி பணியாற்றினார். 1935 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பேரவைக்கு 1937இல் புலுசு சாம்பமூர்த்தி தலைவரானார். 1946 முதல் 1955 வரை ஜெ. சிவசண்முகம் பிள்ளை அப்பீடத்தில் இருந்தார். 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்ட உறுப்பினர்கள் அவரது அவையை விட்டுக் கர்நூல் சென்றனர். 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி வட்டம் மீண்டும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது.

ஒரு வாக்கின் பாடம்

புதிய ஆந்திரப் பேரவையின் முதல் தலைவர் என். வெங்கடராமையா ஆவார். ஓராண்டுக்குள்ளாகவே அவ்வவை கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1954 நவம்பரில், மதுவிலக்குக் கொள்கை குறித்து எழுந்த பூசலில், பிரகாசம் அமைச்சரவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது ஒரே வாக்கு வித்தியாசத்தில் வீழ்ந்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 189 ஆவது பிரிவின் பொருள் இங்கே தெளிவாகிறது. அவைத் தலைவர் முதலில் வாக்களிப்பதில்லை. இரு தரப்பு வாக்குகளும் சமமாக நிற்கும்போது மட்டுமே முடிவு வாக்கினை அளிக்கிறார். ஒரு வாக்கினால் ஓர் அரசே கவிழக்கூடிய அவையில், தலைவருக்கு வழக்கமான வாக்குரிமை இருக்குமாயின், அவரை எந்தத் தரப்பும் நடுவராக ஏற்காது. அவருடைய வாக்கு நிறுத்தி வைக்கப்படுவது குறையன்று. அதுவே அவருடைய தீர்ப்புக்குக் கிடைக்கும் மதிப்பின் விலையாகும்.

திருச்சானூரும் திருப்பதியும் தந்தோர்

இப்பகுதி மாநிலத்திற்கு மட்டுமின்றி நாட்டிற்கே ஓர் அவைத் தலைவரை அளித்துள்ளது. 1891இல் திருச்சானூரில் பிறந்து, சித்தூரில் வழக்கறிஞராகப் பணியாற்றிய மா. அனந்தசயனம் அய்யங்கார், மக்களவையின் முதல் துணைத் தலைவராக விளங்கினார். மவ்லங்கரின் மறைவுக்குப் பின் 1956 மார்ச்சில் அதன் தலைவராகி 1962 வரை பணியாற்றினார். 1950இல் அமைந்த மதிப்பீட்டுக் குழுவின் முதல் தலைவரும் அவரே. அரசின் செலவினங்களைக் கட்சி வேறுபாடின்றி ஆராயும் அக்குழுவில் பெற்ற பயிற்சி, அவைத் தலைமைக்கு ஏற்றதோர் அடித்தளமாயிற்று.

மாநிலப் பேரவையில், திருப்பதித் தொகுதியின் உறுப்பினரான அகரால ஈஸ்வர ரெட்டி 1982 செப்டம்பரில் தலைவரானார். 1983 ஜனவரியில் நடைபெற்ற தேர்தலில் திருப்பதியில் என்.டி. ராமராவ் வென்றார். ஆயினும் பேரவை கலைந்தவுடன் அதன் தலைவர் பதவி இழப்பதில்லை. புதிய பேரவையின் முதற்கூட்டத்திற்குச் சற்று முன்பு வரை அவர் நீடிக்க வேண்டுமென 179 ஆவது பிரிவு கூறுகிறது. அமைச்சரவைகள் வந்து போகலாம். பீடம் ஒரு நாளும் வெறுமையாகலாகாது என்பதே இவ்விதியின் நோக்கமாகும்.

இந்நோக்கம் 1984 ஆகஸ்டில் சோதிக்கப்பட்டது. ராமராவ் அமைச்சரவையை ஆளுநர் நீக்கியபோது, பெரும்பான்மை எவருக்கு என்பதை அவையில் எண்ணிக் காண வேண்டிய நிலை ஏற்பட்டது. அக்கொந்தளிப்பில் பேரவைத் தலைவர் டி. சத்தியநாராயணா பதவியை விட்டார். செப்டம்பர் 16இல் ராமராவ் மீண்டும் முதலமைச்சரானார், அம்மாதத்திலேயே என். வெங்கடரத்தினம் பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நடுவர் இல்லாத நேரத்தில் எண்ணிக்கையே பூசலுக்கு உரியதாகிவிடும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

பீடமும் அமைச்சும்

பிரிட்டனில் பொதுமன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் தம் கட்சியிலிருந்து விலகிவிடுகிறார், மீண்டும் அமைச்சராவதுமில்லை. இந்தியாவில் இம்மரபு வேரூன்றவில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் 1962 முதல் 1971 வரை தலைவராயிருந்த பி.வி. சுப்பா ரெட்டி, பின்னர் துணை முதலமைச்சரானார். சித்தூர் மாவட்டத்துப் பீலேர் தொகுதியின் உறுப்பினராகி 2009இல் பேரவைத் தலைவரான நல்லாரி கிரண்குமார் ரெட்டி, 2010 நவம்பரில் அப்பீடத்திலிருந்தே முதலமைச்சர் பதவிக்குச் சென்றார். இவற்றில் சட்ட மீறல் ஏதுமில்லை. ஆயினும், நாளை அமைச்சராகக் கூடியவர் இன்று அமைச்சர்களை நடுநிலையாகக் கட்டுப்படுத்துவாரா என்ற ஐயத்தை எதிர்க்கட்சிகள் எழுப்புவதற்கு இடம் ஏற்படுகிறது.

மறுபுறம், அனந்தப்பூர் மாவட்டத்தவரான நீலம் சஞ்சீவ ரெட்டி 1967இல் மக்களவைத் தலைவரானபோது காங்கிரசுக் கட்சியிலிருந்து விலகினார். அவைத் தலைவராகும் ஒருவர் தம் கட்சியிலிருந்து விலகினாலும் உறுப்பினர் தகுதியை இழக்கமாட்டார் என 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையும் வழி திறந்து வைத்துள்ளது. அவ்வாயிலின் வழியே செல்ல முன்வந்தோர் மிகச் சிலரே.

காலந்தாழ்த்தலும் ஓர் அதிகாரமே

பத்தாவது அட்டவணை பேரவைத் தலைவருக்குப் புதியதொரு கடமையையும் அளித்தது. கட்சி மாறிய உறுப்பினரின் தகுதியிழப்பை அவரே தீர்மானிக்க வேண்டும். இத்தீர்மானம் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என உச்ச நீதிமன்றம் 1992இல் தெளிவுபடுத்தியது. ஆனால் எத்தனை நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும் என்று அட்டவணை கூறவில்லை.

இதன் விளைவை ஆந்திரப் பிரதேசம் கண்டது. 2014இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் சார்பில் வென்ற உறுப்பினர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் தெலுங்கு தேசம் கட்சிக்கு மாறினர். சித்தூர் மாவட்டத்துப் பலமனேர் தொகுதியின் உறுப்பினரும் அவர்களுள் ஒருவர். 2017இல் அவர் அமைச்சராகவும் ஆனார். தகுதியிழப்பு மனுக்கள் அப்பேரவையின் காலம் முடியும் வரை முடிவு காணவில்லை. அதே 2017இல் தமிழ்நாட்டில், பேரவைத் தலைவர் பி. தனபால் 18 உறுப்பினர்களைச் சில வாரங்களிலேயே தகுதியிழக்கச் செய்தார். ஓரிடத்தில் தாமதமும், மற்றோரிடத்தில் விரைவும் ஆளுங்கட்சிக்கே உதவின என எதிர்க்கட்சிகள் குறை கூறின. இயல்பாக மூன்று மாதங்களுக்குள் முடிவு கூறப்பட வேண்டும் என 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மணிப்பூர் வழக்கொன்றில் கருத்துரைத்தது.

மேலவையின் அனுபவம்

ஆந்திரப் பிரதேசத்தின் சட்ட மேலவை 1958இல் தோன்றி, 1985இல் நீக்கப்பட்டு, 2007இல் மீண்டும் அமைந்தது. மாடபாட்டி ஹனுமந்த ராவ் இதன் முதல் தலைவராவார். 2020 ஜனவரியில், மூன்று தலைநகரங்களுக்கான மசோதாவை மேலவைத் தலைவர் எம்.ஏ. ஷரீப் தம் தனியதிகாரத்தின்படி தெரிவுக் குழுவுக்கு அனுப்புவதாக அறிவித்தார். அவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். ஆளுங்கட்சி அம்முடிவை ஏற்கவில்லை. சில நாட்களில் மேலவையையே நீக்கக் கோரும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. 2021 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. தலைவர் அளித்த ஒரு முடிவு, அவையின் இருப்பையே கேள்விக்குள்ளாக்கியது.

முடிவுரை

பேரவைத் தலைவரை நீக்குவதற்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மொத்த உறுப்பினர்களில் அப்போதுள்ளோரின் பெரும்பான்மையும் வேண்டும். இவையெல்லாம் பீடத்தைக் காக்கும் வேலிகள். ஆனால் வேலி பயிரை வளர்ப்பதில்லை. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் சித்தூர் மக்கள் பல அவைகளைக் கண்டனர். சட்டம் ஆளுநரிடமிருந்து பீடத்தை மீட்டதையும் கண்டனர். கட்சியிடமிருந்து அதனை மீட்கும் பணியே எஞ்சியுள்ளது. அதற்குச் சட்டத் திருத்தம் ஓரளவு உதவலாம். பீடத்தில் அமர்பவர் தாமே ஏற்கும் மரபே அதனை நிறைவு செய்ய வல்லது.