அப்பாவுக்கு மானிட்டால் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா கேமரன் மலை தேயிலைத் தோட்டத்தில் பல காலம் மருந்தடித்தவர். இப்போது பார்க்கின்சன் நோய், கை நடுங்குகிறது. மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் குணப்படுத்தும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ரிங்லெட்

பதில்: ஆசை காட்டும் செய்திதான். 2013இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் பழ ஈக்களில் சோதித்தார்கள். சோதனைக்குழாயில் மேலே ஏறியவை நல்ல ஈக்களில் 72 சதவீதம், நோயுற்றவற்றில் 38. மானிட்டால் கலந்த தீனியை 27 நாள் தின்றபின் அவற்றிலும் 70! இந்நோயில் மூளையில் ஆல்ஃபா சைநியூக்ளின் புரதம் திரள்வதை அது குறைத்தது. எலிகளிலும் பலன் தெரிந்தது. மனிதரில் இன்னும் நிரூபணமாகவில்லை. அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். அதை நம்பி, பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்பா தோட்டத்தில் மருந்தடித்தவர் என்கிறீர்களே; இந்நோயோடு தொடர்புபடுத்தப்படும் பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020இல்தான் முழுமையாகத் தடை செய்தது. அப்பா எந்த மருந்தை, எத்தனை வருடம் அடித்தார் என்பதை நரம்பியல் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.